சொதி வைக்காத நாள்

உப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் என் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சாதாரண நாளில் ஒரு வீட்டில் ஆளுக்கு எவ்வளவு உப்பு உள்ளே போகிறது, அதற்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பதுதான் என் வேலை. அதற்காகத் திருநெல்வேலி டவுணிலிருந்து பஸ் ஏறி, பாபநாசம் பக்கத்துத் தெரு ஒன்றுக்குப் போய்வருவேன். பையில் சின்னத் தராசு ஒன்று இருக்கும். அங்குள்ள வீட்டார் தட்டில் விழுவதையெல்லாம் நிறுத்து எழுத வேண்டும்.

தெருவின் முதல் வீட்டில் ஒரு அக்கா. கணவர் பள்ளிக்கூட வாத்தியார். நான் போன அன்று அவர்கள் வீட்டில் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பு அது. கூடவே இஞ்சிப் பச்சடி வேறு. அடுத்த தடவையும் சொதி. பக்கத்து வீட்டில் அவியலும் பாயசமும். தினமும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"நீங்க வாரீங்கன்னுதான் வச்சேன். உப்பைக்கூட குறைச்சுத்தான் போட்டிருக்கேன்" என்றாள் அக்கா, பெருமையாக. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

என் பேராசிரியர் கணக்கைப் பார்த்துவிட்டுப் போனில் பிடித்துக்கொண்டார். "நீ ஆராய்ச்சிக்குப் போனியா, பந்திக்குப் போனியா? இன்னொரு தடவை இப்படி வந்தா அந்தத் தெருவையே ஆய்விலிருந்து எடுத்துட வேண்டியதுதான்." அந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்ததே நான்தான்.

சொல்லாமல் போய்ப் பார்த்தேன். என்னை உட்காரவைத்துவிட்டு, அக்கா தேங்காய் உடைக்கப் போய்விட்டாள். அடுத்த தடவை, எனக்காகச் சமைக்க வேண்டாமென்று வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நானும் கோபக்காரிதான். போங்கடி என்று பஸ் ஏறிவிட்டேன்.

ஆனால் கால் அந்தப் பக்கமே போனது. தராசை எடுக்காமல், வேறு வேலையாக வந்த நாட்களிலும் எட்டிப் பார்த்தேன். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக் கொடுத்தேன். வாத்தியாரைப் பற்றி அவள் குறை சொல்ல, என் மாமியாரைப் பற்றி நான் சொன்னேன். நல்லா இருந்தது, சொல்லப்போனால்.

பிறகு ஒரு காலையில், தராசோடுதான், மழையில் தொப்பலாக நனைந்து போய் நின்றேன். அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வந்துட்டியாட்டி? அங்கன பானையில பழையது கெடக்கு, போட்டுத் தின்னு. எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு."

பழைய சோறு, மோர் மிளகாய், எண்ணெய் மிதக்கும் மாங்காய் ஊறுகாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பசியில் பாதி தின்றபிறகுதான் தராசு ஞாபகமே வந்தது. நல்லவேளை, அக்காவும் வாத்தியாரும் இன்னும் சாப்பிடவில்லை. பைய அவர்கள் தட்டை வாங்கி நிறுத்தேன். ஊறுகாயும் மிளகாயும் சேர்ந்தபோதுதான் அந்த வீட்டின் உப்பு உண்மையில் எவ்வளவு என்று தெரிந்தது.

"இதையா எழுதுத? வெட்கக்கேடு" என்றாள் அக்கா.

"இதுக்குத்தான்க்கா இத்தனை நாளா வந்தேன்."

நான் பழையது தின்ற கதை சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அதற்கப்புறம் எந்த வீட்டிலும் பாயசம் கிடையாது. தெருவும் ஆய்வில் தங்கிவிட்டது.

புதுக் கணக்கைப் பார்த்த பேராசிரியர், "எப்படிம்மா சாதிச்சே?" என்று கேட்டார்.

"அந்தத் தெருவுல எனக்கு இப்பம் மரியாதையே கிடையாது சார்" என்றேன்.