பிளான்காரர் வீட்டு லேப்டாப்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் பிளான்காரர் என்று பெயர். வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். வாசலறையில் ஒரு மேசை, வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, மேசைமேல் லேப்டாப். ஊரார் வீட்டில் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. எங்கள் குளியலறைக் கதவு மட்டும் பாதி திறந்ததும் வாஷிங் மெஷினில் போய் இடிக்கும். கேட்டால், இந்த வீட்டுக்கு நான் பிளான் போடவில்லையே என்பார்.

நல்ல மனிதர்தான். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். முயல் நாலு காலில் ஓடினாலும், ஒன்று நிழல் என்பார்.

திங்கட்கிழமை காலையில் லேப்டாப் எழுந்திருக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் ஓரத்தில் விளக்கு எரிந்தது, உள்ளே காற்றாடி ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். திரை கருப்பு. அவர் இத்தனை வருஷமாகப் போட்ட வரைபடங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அதில் ஒன்று மூலைமனை வீடு. அங்கே அஸ்திவாரக் குழி தோண்டியாகிவிட்டது. எந்தத் தூணுக்கு எத்தனை கம்பி என்கிற படம் புதன்கிழமைக்குள் மேஸ்திரி கைக்குப் போகாவிட்டால், இவருக்கு வேலை கொடுக்கும் இன்ஜினியர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வீடு போனால் பரவாயில்லை. அந்த இன்ஜினியரிடமிருந்து வருகிற வேலையெல்லாம் சேர்ந்து போகும்.

வேறு எங்காவது பிரதி இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமா? எல்லாமே ரெண்டு ரெண்டா வச்சிருக்கேன்" என்றார்.

எங்கே என்றேன். லேப்டாப்பைக் காட்டினார். அதற்குள்ளேயே 'பத்திரம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதில் வைத்திருக்கிறாராம். வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டியவர், மாற்றுச் சாவியையும் அதன் பக்கத்திலேயே வைத்த கதைதான். நான் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். தலைவலி மாத்திரை அங்கே நிறைய உண்டு. அன்றைக்கு என் கைப்பையில் ஒன்றுகூட இல்லை.

பிறகு வைத்தியம் ஆரம்பமானது. சார்ஜரைப் பிடுங்கிச் சொருகினார். பொத்தானை விரல் வலிக்கும்வரை அழுத்திப் பிடித்தார். கவிழ்த்துப் போட்டுத் தட்டினார். என் தலைமுடி உலர்த்தும் மெஷினை எடுத்து வந்து சூடு காட்டினார். சூடு ஆகாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும், கட்டில்மேல் துண்டை விரித்து அதைப் படுக்கவைத்து ஃபேனைப் போட்டுவிட்டு, சத்தம் போடாதே, கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கட்டிலில் எனக்கு யாரும் அப்படி ஃபேன் போட்டு ஓய்வு கொடுத்ததில்லை. மாலையில் போய்ப் பார்த்தார். ஓய்வெடுத்த அலுப்பில் அது இன்னும் நன்றாகத் தூங்கியது.

மறுநாள் நானே பையில் போட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பின்பக்கத்தைத் திறந்தார். ஒரு சின்னப் பலகையை உருவி, அதன் நுனியைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். பொத்தான் அளவு பேட்டரி ஒன்றைக் கழற்றி மாட்டினார். திரை எரிந்தது. இவர் தானே ரிப்பேர் செய்ததுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் திரை நீலமானது. மீட்புச் சாவியைப் போடு என்றது. நாற்பத்தெட்டு எண்கள். இவர் பிறந்த தேதியைப் போட்டார். அதோடு நிற்காமல் கல்யாணத் தேதியையும் போட்டார். மாதம் தப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். உள்ளே எதையாவது கழற்றி மாட்டினால் சில லேப்டாப் இப்படித் தன்னைப் பூட்டிக்கொள்ளுமாம். அதை முதன்முதலில் யார் கணக்கில் தொடங்கினார்களோ, அந்தக் கணக்கில் சாவி இருக்குமாம்.

"அது கிடைக்கலைன்னா எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுத் தரேன். லேப்டாப் நல்லா ஓடும். படம் எதுவும் இருக்காது" என்றார்.

யார் கணக்கு என்று அவர் கேட்டதும் இவர் தரையைப் பார்த்தார். எனக்குத் தெரியும். இவருடைய தம்பி கணக்கு. வாங்கிய அன்று இவருக்குத் தன் மெயில் பாஸ்வேர்டு மறந்துபோக, தம்பிதான் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தன் கணக்கைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் அதுதான் வழக்கம். பொத்தான் இருந்தால் தம்பி பார்த்துக்கொள்வார், சுவர் இருந்தால் அண்ணன்.

அந்தத் தம்பியோடு இரண்டு வருஷத்துக்கு மேலாகப் பேச்சில்லை. காரணத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு படிக்கட்டு. தம்பி வீட்டுக்குப் பிளான் போட்டது இவர். கூடம் பெரிதாகத் தெரியும் என்று செங்கல் இறக்க வந்த யாரோ சொன்னதைக் கேட்டு, தம்பி இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் படிக்கட்டைச் சுவரோரத்துக்கு மாற்றிக் கட்டிவிட்டார். மேலே ஏறினால் ஒரு பீம் சரியாக நெற்றிக்கு நேரே வந்து நின்றது. வீடு பார்க்கப் போனபோது உறவினர்கள் அத்தனை பேர் முன்னாலும், வீடு கட்டச் சொன்னால் தலையில் குட்டுகிற மெஷின் கட்டியிருக்கிறான் என்றார் இவர். இது என் வீடு, உன் பேப்பர் இல்லை என்றார் தம்பி. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்ததுதான்.

பூட்டிய லேப்டாப்பை அப்படியே பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். புதன்கிழமை காலை மேஸ்திரி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. இவர் அடுக்களைக்கு வந்து, உன்னிடம் அவன் நன்றாகத்தான் பேசுவான், நீ போன் பண்ணேன் என்று முனகினார். எனக்கு மூன்று நாள் எரிச்சலும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது.

"நான் பண்ண மாட்டேன். பூட்டு உங்களுது, தம்பியும் உங்களுது. வீம்பு முக்கியம்னா வெளிய போய் மேஸ்திரிகிட்டச் சொல்லிடுங்க. அந்தக் குழியில அதைப் போட்டு மூடட்டும்."

மேசைக்குப் போய் ஸ்பீக்கரில் போன் போட்டார். அந்தப் பக்கம் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"லேப்டாப் சாவி கேக்குது" என்றார் இவர். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை.

தம்பியும் ஒன்றும் கேட்கவில்லை. எந்தச் சாவி என்று பார்க்க, திரையில் தெரியும் எழுத்துகளைச் சொல்லச் சொன்னார். தேடினார். பிறகு எண்களைப் படிக்க ஆரம்பித்தார். அவர் ஒன்று சொல்ல, இவர் திருப்பிச் சொல்லிவிட்டுத் தட்டினார். இரண்டு வருஷமாகப் பேசாதவர்கள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகள்போல ஒப்பித்தார்கள். நடுவில் தம்பிக்கு இருமல் வந்தது.

"அந்த இருமல் இன்னும் போகலையா?" என்று கேட்டுவிட்டார் இவர்.

"மழை வந்தா வருது."

பிறகு அடுத்த எண்.

கடைசி எண்ணைத் தட்டியதும் திரை ஒருமுறை இருண்டு, திறந்துகொண்டது. மூலைமனை வீட்டுப் படம் இருந்தது. எல்லாமே இருந்தன. மேஸ்திரி அச்செடுத்த தாள்களை வாங்கிக்கொண்டு, டீயைக்கூட முடிக்காமல் ஓடினார். போன் இன்னும் மேசைமேல்தான் இருந்தது. இரண்டு பேரும் வைக்கவில்லை.

"அண்ணே, என் வீட்டுப் பிளான் அதுல இருக்கா?" என்றது போன்.

"இருக்கு. எதுக்கு?"

"படிக்கட்டை இடிச்சுட்டு நீ சொன்ன இடத்துலயே போடணும். பாப்பா வளந்துட்டாண்ணே. போன வாரம் அவளுக்கும் இடிச்சிடுச்சு."

தம்பி மகளை இவர் கடைசியாகப் பார்த்தபோது, அவள் பீமுக்குக் கீழே நிமிர்ந்து ஓடினாலும் தலை தட்டாது. எனக்கு அழுகையாக வந்தது. முக்கால்வாசி கோபத்தில் வந்த அழுகைதான். ஒரு பீமுக்காக அந்தக் குழந்தையின் இரண்டு வருஷத்தைத் தொலைத்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கக் கிளம்பினோம். வழியெல்லாம் நான் ஒரே பாட்டாகப் பாடினேன்: எது வேண்டுமானாலும் பேசுங்கள், 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொல்ல மாட்டேன் என்றார். இரண்டு வருஷமாக வாயில் அடக்கி வைத்திருந்த வாசகம் அது, எனக்கு நம்பிக்கையே இல்லை.

கதவைத் திறந்த பாப்பா என் உயரம் இருந்தாள். நெற்றியில் பிளாஸ்திரி. பெரியப்பா என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். இவர் அவள் தலையில் கை வைத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நேரே படிக்கட்டுக்குப் போனார். டேப்பை இழுத்தபடியே ஏறினார். பீம் எங்கே இருக்கிறது என்று உலகத்திலேயே அதிகமாகப் பேசிய மனிதர், அதிலேயே போய் இடித்துக்கொண்டார். வீடே கேட்டது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். வாயைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீ அப்பவே சொன்னண்ணே" என்றார் கீழே நின்ற தம்பி.

"அதை விடுடா" என்றார் இவர். "டேப்போட அந்த முனையைப் பிடி."