மகளின் காப்பு

யுத்த காலத்தில் பெங்களூர் ஆய்வுக்கூடமொன்றில், இரண்டு சர்க்கரை மூலக்கூறுகளை ஒன்றாக இணைக்கப் போராடிக்கொண்டிருந்தேன். ஒரு மூலக்கூறுக்குப் பல கைகள். ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை மூடிவைத்தால்தான் வேண்டிய இடத்தில் சேரும். சேர்த்துவைக்க வெள்ளி உப்பு வேண்டும். அது எங்கும் கிடைக்கவில்லை.

ஊருக்கு வந்தபோது தருமபுரி நகைக்கடையில் பழைய வெள்ளி கேட்டேன். கடைக்காரர் கைவிரித்தார். அருகில் சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு பெண்மணி நின்றிருந்தார். முன்பல் இல்லாததால், பேசும்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொள்வார்.

"வெள்ளி எதுக்குங்க சாமி?"

"நிமோனியாக் காய்ச்சல் கிருமி சர்க்கரையில சட்டை போட்டிருக்குதுங்க. அந்தச் சர்க்கரைய நாங்களே செஞ்சு பாக்கறோம். பின்னாடி தடுப்பூசி வரலாம்."

அவர் வாயிலிருந்து கையை எடுத்தார்.

"எம் பொண்ணு அந்தக் காய்ச்சல்லதானுங்க போனா. இது அவ வெள்ளிக் காப்பு. விக்கத்தான் கொண்டாந்தேன். நீங்க எடுத்துக்கங்க."

விலை கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்து, காப்பை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

காப்பை அமிலத்தில் கரைத்து வெள்ளி உப்பாக்கினேன். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் வெள்ளியை மீட்டு மீண்டும் பயன்படுத்தினேன். அடுத்த கோடையில் குடுவையின் அடியில் இணைந்த சர்க்கரையின் வெண்ணிறப் படிகங்கள் மின்னின. என் ஆராய்ச்சி தேறியது அவரால்தான்.

தடுப்பூசியை நான் செய்யவில்லை. என் பேராசிரியரே பாதிதான் நம்பிய அந்தத் தடுப்பூசிப் பேச்சை, என்னை முன்பின் அறியாத அவர் எப்படி முழுதாக நம்பினார்?