கீழேயே நில்லுங்க அக்கா

போன வருடம் ஆவணி மாதம், சைதாப்பேட்டையில் நடந்தது இது. மேற்கு மாம்பலத்தில் இருக்கும் நான், ஒரு தன்னார்வ அமைப்பு மூலம் கல்லூரி இறுதியாண்டு மாணவி ஒருத்திக்கு வழிகாட்டியாக இருந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்வது, சோர்ந்து போனால் திட்டுவது. திட்டுவதில் நான் கெட்டிக்காரி.

அன்று பதினொரு மணிக்கு தி.நகரில் அவளுக்கு வேலைக்கான இறுதிச் சுற்று. காலையில் போன் வந்தது.

"அக்கா, என்னைப் பொண்ணு பாக்க வராங்க. நேத்து நைட்டுதான் எங்கம்மா சொல்லுது. இன்னா பண்றதுனே தெரியலக்கா."

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பை அணைத்தேனா என்பதுகூட நினைவில்லை. அவள் அம்மாவை நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று ஸ்கூட்டரில் பறந்தேன்.

அவர்கள் குடியிருப்பின் மாடிப்படியிலேயே அவள் என்னை மறித்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, அழுது சிவந்த கண்கள்.

"மேல வராதீங்கக்கா. வெளியாளு வந்து சத்தம் போட்டா எங்கம்மா அசிங்கப்பட்டுடும். அப்பறம் என்னை எங்கயும் வுடாது. நானே பேசிக்கிறேன். நீங்க கீழயே நில்லுங்க."

இவளா பேசப்போகிறாள்? ஒத்திகையில் என் முன்னால் பதில் சொல்லவே இவள் தடுமாறுவாளே! வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து, என்னைத் தாண்டிப் படியேறினார்கள். மணி பத்தைத் தாண்டியது. மேலே பேச்சு, சிரிப்பு, பிறகு திடீரென்று ஒரு சத்தமும் இல்லை. படியில் கால் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். போனால் காரியம் கெடும். போகாவிட்டால் வேலை போய்விடும். சும்மா நிற்பது இவ்வளவு கொடுமையா என்று அன்றுதான் தெரிந்தது.

காலடிச் சத்தம் கேட்டது. அதே பட்டுப்புடவையோடு, சான்றிதழ் பையை அணைத்தபடி இறங்கி வந்தாள். பின்னாலேயே அவள் அம்மா, முகமெல்லாம் கடுகடுவென்று. போச்சுடா என்று நினைத்தேன்.

"காபி குடுத்த கையோட, 'எனக்கு இன்டர்வியூ கீது, போய்ட்டு வரேன்'னு அத்தினி பேர் முன்னால சொல்லிட்டா! அவங்க வாயடச்சிப் போய் குந்திக்கினு கீறாங்க," என்று பொரிந்து தள்ளிய அந்த அம்மா, சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீதான இவ சொல்ற அக்கா? இன்னும் இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? வண்டிய எடும்மா, நேரமாவுது!"

அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. நான் மேலே ஏறிப் பேசியிருந்தால் அவள் இன்னமும் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருப்பாள். அத்தனை மாதம் நான் பேசியதைவிட, அன்று வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் அவளுக்கு நான் செய்த உருப்படியான உதவி என்று இன்றும் நம்புகிறேன்.