மோட்டாருக்கு ஒரு மிஸ்டு கால்

காலை ஏழு மணி பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது என் கைப்பைக்குள் போன் ஒரே ஒரு தடவை அடித்து நிற்கும். அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. நிதானமாக வெளியே எடுத்து, ‘மோட்டார்’ என்று பதிந்து வைத்திருக்கும் எண்ணைக் கூப்பிடுவேன். ஒரு ரிங் போனதும் அந்தப் பக்கமே துண்டித்துக்கொள்ளும். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மோட்டாரிடமிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் வரும். ஓட ஆரம்பித்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். அது ஒரு இரும்புப் பெட்டிதான் என்றாலும் எங்கள் ஊர் வழக்கத்தை நன்றாகக் கற்றுக்கொண்டது. காசு செலவழித்துப் பேசவே பேசாது. நான் ஜெர்மனியில் பஸ்ஸில் உட்கார்ந்தபடி நன்னிலத்துக்குப் பக்கத்தில் குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது எதிர் சீட்டுக்காரருக்குத் தெரியாது. இந்தப் பெண் ஏன் தினமும் போனைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று மட்டும் அவர் நினைத்துக்கொள்வார்.

விஷயம் இதுதான். எங்கள் வயல் மோட்டார் கொட்டகையில் ஒரு செல்போன் ஸ்டார்ட்டர் இருக்கிறது. அதற்குள் ஒரு சிம் கார்டு. பதிந்து வைத்த எண்ணிலிருந்து கூப்பிட்டால் மட்டும் மோட்டாரைப் போடும், மறுபடி கூப்பிட்டால் அணைக்கும். அதை மாட்டிய அன்றைக்கு அப்பாவின் போன் வாய்க்காலில் விழுந்து, வீட்டில் அரிசி டப்பாவுக்குள் காய்ந்துகொண்டிருந்தது. மெக்கானிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. வேடிக்கை பார்க்கப் போயிருந்த என் எண்ணைப் பதிந்துவிட்டு அடுத்த வயலுக்குக் கிளம்பிவிட்டார். கொஞ்ச நாளில் எனக்கு இங்கே ஒரு மருத்துவமனை லேபில் வேலை கிடைத்தது. நானும் வந்துவிட்டேன், என்னோடு அந்த எண்ணும் வந்துவிட்டது. மெக்கானிக்கை வரச் சொல்லி எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். “சீசன்ல அவரைப் புடிக்கவே முடியாது பாப்பா” என்பார். ஆகவே அவர் வயலுக்கு வந்ததும் எனக்கு மிஸ்டு கால் கொடுப்பார், நான் மோட்டாருக்குக் கொடுப்பேன். மதியம் என் சாப்பாட்டு இடைவேளையில் இன்னொன்று வரும். அது அணைப்பதற்கு.

எங்கள் வீட்டில் மிஸ்டு காலுக்கு ஒரு இலக்கணமே உண்டு. ஒரு ரிங் என்றால் வீடு சேர்ந்தாச்சு. இரண்டு ரிங் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வா. விடாமல் அடித்தால் உண்மையிலேயே பேச வேண்டும். இப்போது பேசுவதெல்லாம் ஏறக்குறைய இலவசம் என்றாலும் பழக்கம் போகவில்லை. பேசாமலே சொல்ல முடிகிற விஷயத்துக்கு ஏன் பேச வேண்டும் என்பது அப்பாவின் கட்சி.

இந்த இலக்கணம் ஜெர்மனியில் செல்லாது என்பதை முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துகொண்டேன். லேபில் என்னோடு வேலை பார்க்கும் பிரிகிட்டே, பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் என்னைப் பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டு, வீடு சேர்ந்ததும் தகவல் சொல் என்றாள். நானும் பொறுப்பாக வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு ரிங் கொடுத்துத் துண்டித்தேன். உடனே அவள் திருப்பிக் கூப்பிட்டாள். நம் ஊரில் அப்படிக் கூப்பிட்டால் என்ன செய்வோம்? அவர்களுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று மரியாதையாகக் கட் பண்ணுவோம். பண்ணினேன். அவள் மறுபடி கூப்பிட, நான் மறுபடி கட் பண்ண, எவ்வளவு நல்ல மனசு இவளுக்கு என்று நினைத்துக்கொண்டே குழம்பைச் சுட வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. கையில் கம்பளியும் டார்ச்சுமாக பிரிகிட்டே நின்றாள். பின்னால் அவள் கார் விளக்கு கூட அணைக்காமல் நின்றது.

“உன்னை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்” என்றாள், மூச்சு வாங்க.

“வீடு சேர்ந்தேன் என்றுதானே சொன்னேன்?”

“நீ எங்கே சொன்னாய்?”

அவளை உட்கார வைத்து, சோறு போட்டு, இலக்கணம் முழுவதையும் விளக்கினேன். கடைசியில், போனையே எடுக்காமல் ஒரு தேசமே பேசிக்கொள்கிறதா என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டாள்.

இந்தக் கோடையில்தான் சிக்கல் வந்தது. என் பழைய எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி. உங்கள் சிம் பழைய ரகம், அந்தத் திட்டத்தை நிறுத்தப் போகிறோம், குறித்த தேதிக்குள் கடைக்கு நேரில் வந்து புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எண் போய்விடும். அதே வாரம் என் கணவர் குமரன் இங்கே எங்கள் இருவருக்குமாக ஒரு பெரிய ஃபெர்ட்ராக் போடலாம் என்று ஆரம்பித்தார். ஃபெர்ட்ராக் என்றால் ஒப்பந்தம். போன் கூட இங்கே கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். அதில் இந்தியாவுக்கும் பேசிக்கொள்ளலாமாம்.

“பழைய நம்பர்ல யார் உன்கிட்ட பேசுறா சொல்லு” என்றார் குமரன்.

“யாரும் பேச மாட்டாங்க. அதுதாங்க அதோட வேலையே.”

“மோட்டாருக்கு அப்பா நம்பரைப் போட்டுக்கட்டும். நீ இங்க இருந்துக்கிட்டு தண்ணி பாய்ச்சணும்னு என்ன வேண்டுதலா?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கடைக்கும் போனோம். கடைக்காரப் பையன் தங்கமானவன். அந்த இந்திய எண் எதற்கு வேண்டும் என்று கேட்டான். மோட்டாரைப் போடுவதற்கு என்றேன். உங்கள் காருக்குத் தனியாக ஒரு செயலி இருக்குமே என்றான். கார் இல்லை, நெல்லுக்கு என்றேன். அவன் குமரனைப் பார்த்தான், குமரன் கூரையைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று வெளியே வந்துவிட்டோம்.

யோசிக்க யோசிக்க எனக்கு அந்த எண்ணை விட மனசே வரவில்லை. பயிரோடு எனக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை அதுதான். வயலில் இறங்குவது இல்லை, களை எடுப்பது இல்லை, அறுப்புக்கு நிற்பது இல்லை. தண்ணீர் மட்டும் என் கையால் போகிறது என்று ஒரு பெருமை. போன வருஷம் ஒரு நாள் காய்ச்சலில் எழுந்திருக்கவே முடியாமல், அப்பாவின் மிஸ்டு காலைப் பார்க்காமல் தூங்கிவிட்டேன். சாதாரணமாக அவராகக் கூப்பிட்டுப் பேசாத அப்பா, அன்றைக்கு விடாமல் அடித்து எழுப்பி, “உடம்பு என்னம்மா?” என்றார். நாற்று காய்கிறதே என்று பதறிப்போய் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். அதையெல்லாம் நினைத்துப் பார்த்தால், நான் இல்லாமல் அந்த வயல் என்ன ஆகும் என்று கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“விட்டுடு பாப்பா. எதுக்குப் போட்டு இழுத்துக்கிட்டு” என்றார் அப்பா.

“மோட்டாரை யாருப்பா போடுவா?”

“அத நான் பாத்துக்குறேன்.”

“எப்படிப் பாத்துப்பீங்க? மெக்கானிக் கிடைக்கலன்னு சொன்னீங்க.”

பின்னால் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா தலையை நீட்டினாள். “அவரு நம்பரையும் போட்டு ரொம்ப நாளாச்சுடி. நீ ஜெர்மனி போன கொஞ்ச நாள்லயே மெக்கானிக் வந்துட்டாரு.”

அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அம்மா முறத்தைப் பார்த்துக்கொண்டாள்.

“அப்ப எனக்குக் காய்ச்சல் வந்தப்ப?”

“நான்தான் போட்டேன். நாத்துக்கு ஒண்ணும் ஆவல.”

“அப்புறம் எதுக்குப்பா தினம் எனக்கு மிஸ்டு கால்?”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தூரமா இருக்க. எழுந்திரிச்சியா, பஸ் ஏறினியான்னு தினம் போன் பண்ணிக் கேட்டா உனக்கும் தொந்தரவு. பேச்சு வளரும், வேலை கெடும். தொட்டியில தண்ணி விழுந்துச்சுன்னா நீ நல்லாருக்கன்னு எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.”

நான் தண்ணீர் விடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே நின்றது தண்ணீருக்காகவே இல்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த குமரன் மெதுவாக எழுந்து காபி போடப் போனார். போகும்போது, “ரெண்டு நம்பரையும் வெச்சுக்க” என்று மட்டும் சொன்னார்.

குறித்த தேதிக்கு முன்பே விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக நன்னிலத்தில் கடைக்குப் போய், ஆதாரைக் காட்டி, கைரேகை வைத்துப் புது சிம் வாங்கினேன். திட்டம் புதுசு, எண் பழசு. அப்பாவும் கூட வந்தார். விட்டுவிடு என்று சொன்னவர், எண் மாறாதுதானே என்று கடைக்காரரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் வயல் வரப்பில் அவர் பக்கத்திலேயே நின்று மோட்டாருக்கு ஒரு ரிங் கொடுத்தேன். தண்ணீர் பாய்ந்து தொட்டியில் விழுந்தது. அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஊருக்குப் போன அன்றைக்கு, செருப்பைக் கழற்றியதும் பிரிகிட்டேவுக்கு ஒரு ரிங் கொடுத்துத் துண்டித்தேன். அவள் திருப்பிக் கூப்பிடவில்லை, அவ்வளவு தேறிவிட்டாள். விடுமுறை முடிந்து ஜெர்மனியில் கதவைத் திறந்து பெட்டியை உள்ளே இழுத்ததும் அதே போனில் அப்பாவுக்கு ஒரு ரிங் கொடுத்துத் துண்டித்தேன். ஒரு ரிங் என்றால் வீடு சேர்ந்தாச்சு. இரண்டு பேரும் அதை நம்பிக்கொண்டார்கள். எந்த வீடு என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.