பட்டுக்கடையில் கண்ட உஷை படம்

1927, தை மாதம். காலை எட்டு மணிக்கு மலாயாவின் செமோர் கடைத்தெருவில் ஈப்போ போகும் மோட்டார் வண்டியில் ஏறினேன். ஒன்பது மைல், கட்டணம் இருபது காசு. என் கையில் ஒரு புகைப்படம்: கோட்டும் கைக்கடிகாரமுமாக நாற்காலியில் அமர்ந்த சிங்காரம். என் அக்கா பாக்கியத்தைப் பெண் கேட்டு அனுப்பிய படம். அக்காவுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு அந்தக் கோட்டைப் பிடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவனே; ஏமாற்றைக் கண்டுபிடிப்பதும் என் தலையில்தான்.

வண்டியோட்டி படத்தை எட்டிப் பார்த்தார்.

"இது ஸ்டூடியோக்காரன் கோட்டு தம்பி. எனக்குப் பொண்ணு பேசினப்பவும் இதே கோட்டுதான்லா!"

என் சந்தேகம் வலுத்தது. ரப்பர் மர நிரைகள் முடிந்து, ஈயச் சுரங்கக் குட்டைகளும் சுண்ணாம்பு மலைகளும் வந்து போனதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

ஒன்பது மணிக்கு ஈப்போ. சிங்காரம் வேலை செய்வது ஒரு பஞ்சாபி முதலாளியின் பட்டுக்கடையில். வேட்டியும் பழைய சட்டையுமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார். சேலை வாங்க வந்தவன்போல் நுழைந்தேன்.

கல்லாவுக்கு மேலே உள்ளங்கையளவு ஓவியம். முதலாளி தம் மலையூரிலிருந்து கொண்டுவந்ததாம். அணில் மயிர்த் தூரிகையால் தீட்டியது. வெண்ணிற மாடத்தில் சிவப்பு முக்காடிட்ட ஒரு பெண் உறங்குகிறாள். அருகிலேயே அதே முக்காட்டில் ஒருத்தி உட்கார்ந்து, தாளில் வரைந்த ஆண் முகங்களில் ஒன்றை விரலால் காட்டுகிறாள்.

"யாரு இந்த ரெண்டு பொண்ணுங்க?" என்று சோதித்தேன்.

"ஒரே பொண்ணுதாண்ணே. உஷை, வாணாசுரன் மக. இங்க தூங்குறா, கனவுல ஒருத்தனப் பாக்குறா. இங்க முழிச்சிட்டா. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. தோழி சித்திரலேகை ஆம்பளைங்க முகமா வரைஞ்சு காட்டுறா. உஷை விரல் நீட்டுறா பாருங்க, அவன்தான் அநிருத்தன். கண்ணனோட பேரன்."

"படத்தை நம்பி ஒரு பொண்ணு கழுத்த நீட்டலாமா? தோழி அழகைக் கூட்டி வரைஞ்சிருந்தா?"

அவர் துணியைக் கீழே வைத்தார்.

"கோட்டு என்னுதில்ல மச்சான். கடிகாரமும் ஓடாது."

மச்சான்! நான் பெயரே சொல்லவில்லையே. அவர் இழுப்பறையிலிருந்து நாங்கள் அனுப்பிய படத்தை எடுத்தார். பெண்ணைத் தனியாகப் படம் பிடிக்கக் கூடாதென்று அம்மா என்னையும் பக்கத்தில் நிறுத்தியதை மறந்தே போனேன். அக்காவை ஒட்டி நான் முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

"வாசல்ல நிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு, அதே முறைப்பு" என்று சிரித்தவர், படத்தில் அக்கா கழுத்தைச் சுட்டி, "இந்தக் காசுமாலை உங்க வீட்டுதா?" என்றார்.

"தோட்டத்துக் கங்காணி வீட்டு இரவல் மாலை." பொய் வாயில் வரவில்லை.

"நெனச்சேன். மாலைய மறைச்சுப் பாத்தேன், முகம் அப்படியேதான் இருந்துச்சு."

சாயங்கால வண்டியில் திரும்பினேன். தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் அக்கா காத்திருந்தாள்.

"எப்படி இருக்காரு?"

கட்டைவிரலால் கோட்டை மறைத்துப் படத்தை நீட்டினேன். "இப்படித்தான்."

அக்கா என் விரலைத் தட்டிவிட்டாள். "நான் அன்னிக்கே மூஞ்சியத்தான்டா பாத்தேன். நீதான் கோட்டையே பாத்துக்கிட்டிருந்த."