மரியாதை தெரிந்த கட்சிக்காரர்

விபத்து வழக்கு பார்க்கும் லாயர் ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருப்பவருக்கு வேண்டிய முதல் தகுதி, கட்சிக்காரர் எதிரில் தலையில் அடித்துக்கொள்ளாமல் இருப்பது. கால் உடைந்தவர்கள் வந்துபோகிற எங்கள் சிரம்பான் ஆபீஸை எந்தப் புண்ணியவான் மாடியில் வைத்தாரோ தெரியவில்லை. நஷ்டஈடு கேட்டு அலைந்தவர்களே, அவர்களோடு சேர்ந்து அலைந்தவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

முனியாண்டி அண்ணன் லிங்கி ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டுகிறவர். தோட்டத்துச் சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றவரை ஒரு காய்கறி வேன் இடித்துத் தள்ளியது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போயிற்று. நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து வெட்டுகிற வேலை அவருடையது. வேனின் இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தால்தான் தோளுக்கு ஆபரேஷன். அது நடந்தால்தான் மறுபடி அரிவாளைத் தொட முடியும்.

ஆஸ்பத்திரியில் மைலோ

விபத்து நடந்தால் உடனே போலீஸ் ரிப்போர்ட் செய்ய வேண்டும். தாமதமானால் இன்சூரன்ஸ் தரப்பு அதையே பிடித்துக்கொண்டு தொங்கும். அண்ணன் ரிப்போர்ட் செய்ததோ வார்டிலிருந்து வீட்டுக்கு வந்து, ஆற அமர உட்கார்ந்து, அதற்கும் பிறகு. ஏன் என்று கேட்டேன். வேனை ஓட்டிய சேகர், கோலா சாவா ஊர்க்காரர், ஆப்பிளும் மைலோ டின்னுமாகத் தினமும் வார்டுக்கு வந்து நின்றாராம்.

அதற்கும் ரிப்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். என்னை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அவன் உக்காந்து எனக்கு மைலோ கலக்கிக் கொடுக்கிறான் தங்கச்சி. அதைக் குடிச்சிட்டு அவன் மேலயே ரிப்போர்ட் கொடுன்னா எப்படி?"

பாதி எனக்கு

ஒருவழியாகக் கொடுத்த ரிப்போர்ட்டைப் படித்ததும் எங்கள் லாயரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்படி வைத்தால் தலைவலி ஆரம்பம் என்று அர்த்தம். 'என் மேலும் கொஞ்சம் தவறு இருக்கிறது' என்று அண்ணனே சொல்லியிருந்தார். நின்ற மோட்டாரில் என்ன தவறு இருக்க முடியும்? ஆனால் நாமே ஒப்புக்கொண்டதைக் கோர்ட் அப்படியே எடுத்துக்கொண்டால், கிடைப்பதில் ஒரு பங்கு போய்விடும்.

பணம் கட்டப் போவது சேகர் இல்லை, இன்சூரன்ஸ்தான் என்று லாயரம்மா பொறுமையாக விளக்கினார். அண்ணனும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது சரிங்கம்மா. ஆனா எல்லாத் தப்பையும் ஒருத்தன் தலையில கட்டறது அசிங்கமா இருக்கு லா. அதான் பாதிய நான் வாங்கிக்கிட்டேன்."

டாக்டர் முன்னால்

எதிர்த்தரப்பும் தன் டாக்டரை வைத்துத் தோளைப் பார்க்கும். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள் என்று ஆபீஸிலும் சொன்னேன், படியிறங்கும்போதும் சொன்னேன். டாக்டர் கையைப் பிடித்துத் தூக்கியதும் அண்ணன் கண்ணில் தண்ணீர் முட்டியது. வாய் மட்டும் "பரவாயில்லைங்க டாக்டர்" என்றது. பெரிய மனிதர் கஷ்டப்பட்டுப் பார்க்கிறாரே, அவரிடம் போய்க் குறை சொல்வதா என்று நினைத்தாராம். எனக்கு வந்த கோபத்தைவிட, அவரைப் பார்த்து வந்த பரிதாபம்தான் அதிகம். கூட வந்த அவர் மனைவி லெட்சுமியக்காவுக்கு அந்தப் பரிதாபமெல்லாம் இல்லை. "வீட்டுல சட்டையை நான்தான் மாட்டி விடறேன். இங்க வந்து பரவாயில்லையாம்!"

மஞ்சள் சட்டை

வழக்கு கோர்ட்டுக்கு வந்த அன்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். எட்டிப் பார்த்தேன். தோட்டத்து மாரியம்மன் திருவிழா. மஞ்சள் சட்டைக் கூட்டத்துக்கு நடுவில் முனியாண்டி அண்ணன் தலையில் பால்குடம். குடத்தை இரண்டு கைகள் பிடித்திருந்தன. தோள் குணமாக வேண்டும் என்று லெட்சுமியக்கா வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடனாம். சாமி காரியத்தை லாயரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

கை தூக்க முடியாது என்றவர் குடத்தை எப்படித் தூக்கினார் என்று வக்கீல் கேட்டார். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். ஆபரேஷன் போச்சு, அரிவாள் போச்சு என்று நான் மனசுக்குள் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன ஒரே பதில்: "ஆத்தா தூக்க வச்சா."

எதிர்த்தரப்புச் சாட்சி

அடுத்து, விபத்தைப் பற்றிச் சொல்ல, எதிர்த்தரப்பு வக்கீல் சேகரைக் கூண்டில் ஏற்றினார். சாட்சி என்பதால் சேகர் அதுவரை வெளியேதான் உட்கார்ந்திருந்தார். உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. விபத்தைப் பற்றிக் கேட்டு முடித்த வக்கீல், அண்ணனுக்குக் கை நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்தப் போட்டோவை அவரிடமும் காட்டினார். சேகர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் நீதிபதியம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "புவான், இதுல வலது கை என்னோடது. அண்ணனால முடியாதுன்னு நான்தான் பின்னாலேயே பிடிச்சிக்கிட்டு நடந்தேன்."

வராந்தாவில் அண்ணன் அவரைப் பிடித்து ஏசிய ஏச்சு இருக்கிறதே! தன்னோடு கோயிலுக்கு வந்ததைச் சொன்னால் இன்சூரன்ஸ்காரர்கள் சேகரைச் சும்மா விடமாட்டார்கள் என்று பயந்துதான் கூண்டில் வாயை மூடிக்கொண்டாராம். அந்த இடத்தில் நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

தீர்ப்பு வந்தது. தோள் போனது உண்மை, அண்ணன் என்ன ஒப்புக்கொண்டிருந்தாலும் நின்ற மோட்டாரில் தவறில்லை, தவறு முழுக்க வேனுடையது. ஆபரேஷனுக்கு வழி பிறந்துவிட்டது என்று நான் குதிக்காத குறையாக ஓடிப்போய் லெட்சுமியக்காவின் கையைப் பிடித்தேன். தீர்ப்பு கேட்க வந்திருந்த சேகர் படிக்கட்டு ஓரம் தனியாக நின்றார். அக்கா என் கையை மெல்ல விலக்கினார். "தீர்ப்பு கெடக்கு தங்கச்சி. அந்தப் பையன் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல, முதல்ல அவனைக் கூப்பிடு."

எதிர்த்தரப்பு வக்கீலை எப்படியாவது சமாளித்துவிடலாம், நம் கட்சிக்காரர்களின் மரியாதையைச் சமாளிக்கத்தான் எந்தச் சட்டத்திலும் இடமில்லை.