பொத்தான் எழுதியவள்

நகரக் குடிநீர் அலுவலகத்தின் புகார் அறையில் ஆறு கணினிகள் இருந்தன. ஆறும் கிழடுதட்டியவை. அவற்றின் மேல் தலைமை அலுவலகம் ஒரு புதிய புகார் மென்பொருளை ஏற்றிவிட்டது. குருவி தலையில் பனங்காய் வைத்த மாதிரி. காலையில் அதைத் திறந்தால் கண் விழிக்க நாலு நிமிடம். ஒரு புகாரைச் சேமிக்க ஒரு நிமிடம். அதற்குள், "எங்க தெருவே குளமாயிருச்சுங்க" என்று மறுமுனையில் கத்திக்கொண்டிருந்தவர் சலித்துப்போய்த் தொலைபேசியை வைத்திருப்பார்.

அந்த அறையில் பதினாறு வருடம் எழுத்தராக இருந்தவளின் கதை இது. அவளுக்கு வயது நாற்பத்தொன்று. கணவர் தையல்காரர். அதிகம் பேச மாட்டாள். பேச ஆரம்பித்தால் எதிராளி ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பக்கத்து மேசையில் தொலைபேசிக்காரர். நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டு இந்த அறைக்கு வந்தவர். இடது கையால் விசைப்பலகையில் அவர் அடிக்கிற வேகம் மற்றவர்களுக்கு இரண்டு கையாலும் வராது. ஆனால் புதிய மென்பொருளில் எல்லாவற்றுக்கும் மவுஸைப் பிடித்துக் குட்டிக் குட்டிப் பொத்தான்களைக் குறிபார்க்க வேண்டியிருந்தது. முதல் வாரமே அவர் பின்தங்கிப் போனார்.

கணினிப் பிரிவு அதிகாரியிடம் அவள் போய்ச் சொன்னாள்.

"புது மெஷின் அடுத்த வருஷம் வந்துரும்மா. அதுவரைக்கும் பேப்பர்ல எழுதுங்க."

"அண்ணனுக்கு மவுஸ் பிடிக்க வராது சார். புது மெஷின் வந்தாலும் வராது."

"அவருக்குக் கேட் வேலை பார்த்துக் குடுத்துரலாம், விடுங்க."

அந்த "விடுங்க" அவளைச் சுட்டது. இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த மனிதரை ஒரு சொல்லில் வாசலுக்குத் தள்ளிவிட்டாரே! அறைக்குத் திரும்பி வந்தவள் தொலைபேசிக்காரரிடம், "அண்ணே, நீங்க எங்கயும் போகப் போறதில்ல" என்றாள். எதை நம்பிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கையில் இருந்தது ஒன்றே ஒன்று. தெருவாரியாகப் புகார்ப் பட்டியலை அடுக்குவதற்காக, வெகுநாள் முன்பே அவள் கணினிக்குக் கட்டளை எழுதுகிற ஒரு ஸ்கிரிப்ட் மொழியைத் தானாகப் படித்து வைத்திருந்தாள். எழுதிய கையோடு ஓட்டிப் பார்த்துவிடலாம். பழைய கணினியிலும் மூச்சு வாங்காமல் ஓடும். ஆனால் அது காட்டுவதோ கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அதைக் கண்டாலே அறையில் எல்லோரும் பாம்பைக் கண்டதுபோல ஒதுங்குவார்கள். அவர்களுக்கு வேண்டியது பெட்டி, பட்டியல், அழுத்துவதற்குப் பொத்தான். அப்படிப்பட்ட சாளரங்களை உருவாக்க ஆயத்தக் கருவித்தொகுப்புகள் உண்டு. இரண்டைப் போட்டுப் பார்த்தாள். இரண்டும் அந்த மென்பொருளுக்கு அண்ணன் தம்பி, அதே எடை.

"எலி வளையானாலும் தனி வளை" என்று சொல்லிக்கொண்டு சொந்தமாக எழுத உட்கார்ந்தாள்.

அலுவலக நேரத்தில் ஒரு வரி எழுதவில்லை. இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். விடிந்ததும் கணவரின் கடைக்குப் போய், இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் கிடந்த அவர்களுடைய சொந்தப் பழைய கணினியில், ஆட்கள் வருவதற்குள் இரண்டு மணி நேரம் எழுதினாள். திரையில் கோடு போடவும் நிறம் நிரப்பவும் எழுத்து வைக்கவும் மட்டும் அந்த மொழிக்குத் தெரியும். பொத்தான் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. இவள்தான் சொல்லிக்கொடுத்தாள்: ஒரு கட்டம், அதற்குள் ஒரு பெயர், அழுத்தினால் ஒரு புள்ளி அளவு கீழே இறங்க வேண்டும், விட்டால் ஏற வேண்டும். யார் எந்த விசையைத் தொட்டார்கள் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க ஒரு சுற்று எழுதினாள். முதல் பொத்தான் ஒழுங்காக இறங்கி ஏற ஒன்பது நாள் ஆயிற்று.

"நான் பொத்தான் தைக்க ஒரு நிமிஷம் ஆகாது" என்று தையல்காரர் சிரித்தார்.

"நீங்க தைக்கிறது சட்டையைத்தான் மூடும். இது ஒரு மனுஷனோட வேலையைக் காப்பாத்தணும்."

அதற்குமேல் அவர் கேலி செய்யவில்லை.

பெரிய சண்டை எழுத்துப் பெட்டியோடுதான். 'கொடி' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறின. அழித்தால் எழுத்தில் பாதி போய்ப் பாதி நின்றது. இரண்டு வாரம் மல்லுக்கட்டினாள். ஒருநாள், வெட்டுவதற்கு முன்பே எந்தத் துண்டு எதோடு சேரும் என்று கணவர் துணியில் சுண்ணக்கட்டியால் குறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று நிமிர்ந்தாள். எழுத்துகளை வரைவதற்கு முன்பே உயிர்மெய் உயிர்மெய்யாகச் சேர்த்துக் கட்டிவிட்டால்? அன்று காலையே கொடி ஒழுங்காக நின்றது. அழித்தால் முழு எழுத்தாக அழிந்தது.

எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு வரி. அதை வைத்து அவள் கட்டிய புகார்ச் சாளரம் கண் இமைப்பதற்குள் திறந்தது. மவுஸே வேண்டாம்; ஒரு விசையைத் தட்டினால் அடுத்த பெட்டி, இன்னொன்றைத் தட்டினால் சேமிப்பு. அதைத் தொலைபேசிக்காரரின் கணினியில் ஏற்றிக் கொடுத்தாள். முதல் நாளே அவர் தொண்ணூறு புகார் பதிந்தார். சாயங்காலம் மூன்று விரல் கையைத் தூக்கிக் காட்டி, "இதுக்குக் கேட் வேலையாம்!" என்றார். மறுவாரம் அறையே அதற்கு மாறிவிட்டது. அவளுக்குப் பொத்தானக்கா என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

விஷயம் அதிகாரி காதுக்கு எட்டியது.

"யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க? இன்னிக்கே அழிங்க."

"எழுத்துல குடுங்க சார். ஓடுறதை அழிச்சுட்டு ஓடாததைப் போடுன்னு ஒரு வரி. கையெழுத்து போட்டுக் குடுங்க, அழிக்கிறேன்."

அவர் எழுதித் தரவில்லை. பத்து நாள் கழித்து மென்பொருள் நிறுவனத்து ஆள் வந்தார். பொம்மை என்று சிரித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தவர், ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் அதிகாரி அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். இந்தக் கருவித்தொகுப்பை நிறுவனம்தான் உருவாக்கியது, நான் அதற்குச் சிறு உதவி செய்தேன் என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"உங்களுக்கும் நல்லதும்மா. பாராட்டுக் கடிதம் வரும்."

"நான் பெத்த பிள்ளைக்கு நானே ஆயான்னு எழுதித் தரணுமா சார்?"

"யோசிச்சுப் பேசுங்க. பைப் கிடங்குல ஆள் இல்லை."

"கிடங்குல கரண்ட் இருக்குல்ல? அது போதும்."

அன்று மாலையே ஆயிரத்து நூறு வரியையும் இணையத்தில் போட்டாள். தலைப்பில் தன் முழுப் பெயர். அடியில் ஒரு நிபந்தனை: யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், எழுதியவள் பெயரை நீக்கக் கூடாது. அந்தப் பெயரோடு எடுத்துக்கொள்ள நிறுவனத்துக்கு மனம் வரவில்லை. மூன்றாம் நாள் மாற்றல் உத்தரவு வந்தது. "இதை மட்டும் எழுத்துல குடுத்துட்டார் பாருங்க" என்று அறைக்கே படித்துக் காட்டிவிட்டுக் கிளம்பினாள்.

கிடங்கு ஊர்க் கோடியில் இருந்தது. வெயிலில் தகரக் கூரை காந்தியது. முதல் மாதம் அவளுக்கு அழுகை வராமல் இல்லை. குழாய்களை எண்ணிக்கொண்டே அழுதாள். அங்கே புகார் அறையில், அழிக்க வந்த ஆளிடம் தொலைபேசிக்காரர், "ஆர்டர் எங்க?" என்று கேட்டார். மற்ற எல்லோரும் எழுந்து அவர் பின்னால் நின்றார்கள். வந்தவர் திரும்பிப் போனார்.

பிறகு ஒருநாள் பெரிய குழாய் வெடித்தது. மதியத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு அழைப்பு. ஒன்றுகூட விடாமல் அவளுடைய சாளரத்தில் பதிந்தார்கள். 'நமது புதிய முறையின் வெற்றி' என்று அதிகாரி மேலே அறிக்கை அனுப்பினார். அவள் சும்மா இருக்கவில்லை. நடந்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அழிக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கேட் வேலைப் பேச்சையும் எடுக்கவில்லை.

இரண்டு வருடம் ஆகிறது. புதிய கணினிகள் வந்துவிட்டன. அறையில் பாதிப் பேர் இன்னமும் அவளுடையதைத்தான் திறக்கிறார்கள். அவளைத் திரும்ப அழைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

போன மாதம், இணையத்தில் அவளுடையதை எடுத்துக்கொண்ட முன்பின் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ எழுதியிருந்தார். அவர்களுடைய எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவது. அவளுடைய எழுத்துப் பெட்டியில் இடவலம் மாறி வருகிறதாம். அந்த மொழியில் அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. "உங்கள் எழுத்துகள் எது எதோடு சேரும் என்று படம் போட்டு அனுப்புங்கள்" என்று பதில் எழுதினாள்.

"யாரோ எவரோ. அவங்களுக்கும் நீதான் செய்யணுமா?" என்றார் தையல்காரர்.

"மேல என் பேரு இருக்கே. பின்ன யாரு செய்வா?" என்று கேட்டுவிட்டு, வந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள்.